அனுப்புநர், பெறுநர்: பாரதியின் கவிதைகளையும் கடிதங்களையும் பள்ளிப் பிள்ளைகளோடு வாசித்தல்

1

பள்ளிக்கூடத் தமிழில் ஒரு கவிஞனுக்கு ஒரு குரல்தான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பாரதி என்றால் முழக்கம். ஆண்டு விழா மேடையில் கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையும் மையால் வரைந்த மீசையுமாக ஒரு பையன் ஏறுவான். பயமின்மையைப் பாடும் அந்தப் பாட்டை நரம்பு புடைக்கக் கத்திவிட்டு இறங்குவான். கைதட்டல். பிறகு தேர்வில் அவருடைய மொழிப்பற்றையும் நாட்டுப்பற்றையும் விளக்கச் சொல்லிக் கேள்வி வரும். மேடையும் தேர்வுத்தாளும் சேர்ந்து இந்தப் பிம்பத்தைப் பல பத்தாண்டுகளாக உற்பத்தி செய்துவருகின்றன. உற்பத்தியில் தமிழ் எம்.ஏ. படித்த என் போன்றவர்களுக்கும் பங்குண்டு.

அந்தப் பிம்பத்தை உடைக்கும் வேலையைச் சிறுபத்திரிகைகள் போதுமான அளவு செய்துவிட்டன. உடைத்த துண்டுகள் நம்முடைய மேஜையில்தான் கிடக்கின்றன, வகுப்பறைக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு கவிஞனின் குரல் எப்படி உண்டாகிறது, அதைப் பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எப்படிக் கேட்பது என்பதுதான் இங்கே என் விஷயம். கவிதையை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது என்று நான் எண்ணுகிறேன். பக்கத்தில் கடிதங்களையும் வைக்க வேண்டும்.

சென்ற ஆண்டு மண்ணூரில் நண்பர்கள் நடத்தும் மாலை வகுப்பில் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் இதைச் செய்து பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து மண்ணூரைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. இன்று சுற்றிலும் கார், கைபேசி, உதிரிபாகக் கம்பெனிகள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வரிசையாகக் கம்பெனி பஸ்கள். வயலாக இருந்த இடத்தில் வாடகைக்கு விட்ட லைன் வீடுகள். வகுப்புக்கு வந்த பதினேழு பேரும் ஒன்பதிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் படிப்பவர்கள். வீட்டில் ஒருவராவது காண்ட்ராக்ட் தொழிலாளி.

2

முதலில், எதை விட்டுவிட்டுத் தொடங்கினோம் என்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் 'நயம் பாராட்டல்' என்று ஒரு பயிற்சி உண்டு. மையக் கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சுவை என்று தலைப்புப் போட்டு நிரப்ப வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளை கவிதையைப் படிக்காமலேயே நிரப்பிவிடும். அந்தத் தலைப்புகளில் 'பேசுவது யார், கேட்பது யார்' என்பது கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் நம் பழைய இலக்கணத்தில் அது இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகள் சொல்கிறது. எதுகை மோனைகள் 'தொடை' என்ற ஓர் உறுப்புக்குள் அடங்கிவிடுகின்றன. கூற்று தனி உறுப்பு, கேட்போர் தனி உறுப்பு. களன் தனி, காலம் தனி. இவற்றோடு 'முன்னம்' என்று ஒன்று: இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு இன்னார் சொல்லத் தக்கது என்று வாசிப்பவரை உணரவைப்பது. 1929இல் மொழியைப் பற்றி எழுதும்போது, பக்தின் வட்டத்தைச் சேர்ந்த வொலோஷினோவ், ஒரு சொல் யாருடையது என்பதையும் யாருக்கானது என்பதையும் பிரிக்க முடியாது என்றார். நாம் அவரை மேற்கோள் காட்டுகிற வேகத்தில் வீட்டுப் பரணில் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

பிள்ளைகளிடம் தொல்காப்பியம் என்றோ பக்தின் என்றோ ஆரம்பிக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைகள் இருந்தன. தேர்வில் கடிதம் எழுதும் கேள்விக்கு முதலில் போடுகிற அனுப்புநர், பெறுநர். கூற்றும் கேட்போரும் அவைதான். எந்தக் கவிதையைக் கையில் எடுத்தாலும் மேலே இந்த இரண்டையும் எழுதி நிரப்பு, பிறகு பேசலாம் என்று சொன்னேன்.

3

முதல் ஞாயிறு கவிஞன் பெயரைச் சொல்லாமல் 'கண்ணன் என் சேவகன்' பாட்டின் முற்பகுதியை மட்டும் வாசித்தேன். கண்ணன் பாட்டு 1917இல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்ட நூல். அதில் பாரதி ஒரே கண்ணனைத் தோழனாக, தாயாக, தந்தையாக, அரசனாக, சீடனாக, குழந்தையாக, காதலனாக, காதலியாக, ஆண்டானாக மாற்றி மாற்றி வைத்துப் பேசுகிறார். பெறுநரோடு உறவு மாற மாற அனுப்புநரும் மாறிவிடுகிறார் என்பதற்கு இதைவிடத் தோதான புத்தகம் கிடைக்காது. சேவகன் பாட்டின் முற்பகுதியில் பேசுவது வேலைக்காரர்களால் நொந்துபோன ஒரு வீட்டுக்காரர். கூலி அதிகம் கேட்கிறார்கள், முன்பு கொடுத்ததை மறந்துபோகிறார்கள், வேலை மிகுந்த நாளில் வருவதில்லை, கேட்டால் தேள் கடித்தது, பெண்டாட்டிமேல் பூதம் வந்தது, பாட்டி செத்துப் பன்னிரண்டாம் நாள் என்று சாக்குச் சொல்கிறார்கள் என்பது புகார்.

வகுப்பு சிரித்தது. "இது சூப்பர்வைசர் பேசறது சார்" என்றாள் ஒரு பெண். "எங்கம்மாவைக் கேட்டா இதெல்லாம் அப்படியே சொல்லும். பாட்டி செத்துச்சுன்னா ரெண்டாவது தபா நம்ப மாட்டான்." எழுதியது பாரதி என்று சொன்னதும் ஓர் அமைதி. முழங்குகிற ஆளுக்குள் இப்படி ஒரு முதலாளிக் குரலா என்று அவர்கள் யோசிப்பது தெரிந்தது. பாட்டின் பிற்பகுதியில் கூலி கேட்காத கண்ணன் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறான் என்பதை அடுத்த வாரம் வாசித்தோம். ஆனாலும் அந்தப் பெண் விடவில்லை: "கூலி கேக்காதவன்தான் நல்ல வேலைக்காரன்னு முடியுது சார்." பக்திக்கும் கூலி உழைப்புக்கும் நடுவே அந்தப் பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு கருத்தரங்கே நடத்தலாம். பெறுநர் கட்டத்தை நிரப்பச் சொன்னதற்கே இவ்வளவு கிடைத்தது.

4

மூன்றாம் வாரம் கடிதங்களுக்குப் போனோம். ரா.அ. பத்மநாபன் தொகுத்த 'பாரதியின் கடிதங்கள்' நூலிலிருந்து சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுபோவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கவிதை என்பது பூட்டு, கடிதம் என்பது சாவி என்று ஆசிரியர் நினைத்துவிடுவார். கவிதையில் பேசுவது வேஷம், கடிதத்தில் பேசுவது நிஜ மனிதர் என்று பிள்ளைகளும் எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் எமிலி டிக்கின்சனைக் கடிதங்களோடு சேர்த்துப் படிப்பிக்கும் வழக்கம் உண்டு. 1862இல் ஹிக்கின்சன் என்ற விமர்சகருக்கு நான்கு கவிதைகளை அனுப்பி, இவற்றுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டவர் அவர். அதே ஆண்டு இன்னொரு கடிதத்தில், தன் கவிதைகளில் வரும் 'நான்' தன்னைக் குறிக்காது, அது பாவித்துக்கொண்ட ஓர் ஆள் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையையே ஒரு கடிதத்தில்தான் சொல்கிறார், அதுவும் தான் பெரிதாக மதித்த ஒரு பெறுநருக்கு. அப்படியானால் கடிதத்தில் வரும் 'நான்' மட்டும் என்ன கலப்படமில்லாத சரக்கா?

ஆகவே கடிதத்தையும் ஒரு பிரதியாகவே வாசிப்பது என்று வைத்துக்கொண்டோம். கடிதத்துக்கும் கூற்று, கேட்போர், களன், காலம் உண்டு. கவிதைக்கு இல்லாத ஒன்றும் உண்டு: தேதியும் விலாசமும். குரல் எந்த நாளில், எந்த வாசலைத் தட்டியது என்பது காகிதத்திலேயே இருக்கும்.

முதலில் 1918 ஆகஸ்டில் புதுச்சேரியிலிருந்து தம்பி சி. விசுவநாதனுக்கு எழுதியது. பின்னாளில் பாரதி பிரசுராலயத்தை நடத்தியவர்களில் ஒருவர் இந்தத் தம்பி. இனிமேல் எனக்கு இங்கிலீஷில் எழுதாதே, உன் தமிழ் எவ்வளவு கொச்சையாக இருந்தாலும் ஆவலோடு வாசிப்பேன் என்கிறார் அண்ணன். கடிதம் என்று எழுதாமல் 'காயிதம்' என்று எழுதுகிறார். "எங்க ஆயா அப்படித்தான் சொல்லும்" என்றான் ஒருவன். பேச்சில் வருவதை எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கப்பட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு, கொச்சையாக எழுது என்று அனுமதி தருகிற பாரதி ஒரு கண்டுபிடிப்பு. ஆனால் அதே கடிதம் அடுத்த அடியில், கொச்சைத் தமிழும் வராவிட்டால் சமஸ்கிருதத்தில் எழுது என்கிறது. வகுப்பு இரண்டாவது முறையாகச் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி. தமிழ் வராவிட்டால் சமஸ்கிருதம் என்ற ஏற்பாடு எந்த வீட்டில் சாத்தியம் என்று நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. மண்ணூர்க் காலனிப் பிள்ளைகளுக்கு அது முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. அனுமதி உண்மை, அனுமதி தருகிற இடத்தின் சாதியும் உண்மை. ஒரே கடிதத்தில் இரண்டும் கேட்கின்றன என்று குறித்துக்கொண்டோம்.

அடுத்தது 1901இல் காசியிலிருந்து செல்லம்மாவுக்கு எழுதியது. அன்பான கடிதம். கவலைப்படாதே, கவலைப்படுகிற நேரத்தில் தமிழை நன்றாகப் படி என்கிற கடிதம். அதில் செல்லம்மாவைக் காதலி என்று அழைக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி விரல்விட்டு எண்ணினாள். திருமணம் 1897இல், அப்போது அவளுக்கு வயது ஏழு. "அப்படின்னா இந்தக் கடிதம் போனப்போ பதினொண்ணு. நம்ம வயசுகூட இல்ல." சற்றுக் கழித்து, "அந்தம்மா என்ன எழுதிச்சுன்னு இல்லையா சார்?" என்றாள்.

நம் கையில் இருப்பது பதில்தான். அந்தப் பதிலைக் கிளப்பிய பெண் குழந்தையின் கவலை அவருடைய சமாதானத்தின் ஓரங்களில் மட்டும் தெரிகிறது. செல்லம்மாவின் குரல் அச்சில் முழுதாகக் கேட்பதற்கு 1941 வரை, அவர் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதிய 'பாரதியார் சரித்திரம்' வரும்வரை, காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த வாரப் பயிற்சியாக, செல்லம்மா எழுதியிருக்கக்கூடிய கடிதத்தை எழுதிவரச் சொன்னேன். பதினேழு பேரில் ஐந்து பேர் 'அன்புள்ள' என்று தொடங்கினார்கள். ஒரு பெண் விளிப்பே போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "புருஷன எப்படிக் கூப்பிடறதுன்னு அவளுக்குத் தெரியாது சார், பேரு சொல்லக் கூடாது இல்ல" என்றாள். குரலைப் பற்றி நான் படித்த கோட்பாட்டு நூல்களில் இந்த வெற்றிடம் இல்லை.

5

ஆறாம் வாரம் நான் பயந்துகொண்டே எடுத்துப் போன காகிதம்.

பத்தாண்டுப் புதுச்சேரி வாசத்துக்குப் பிறகு 1918 நவம்பர் 20 அன்று பாரதி பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைந்ததும் கைது செய்யப்படுகிறார். எட்டு நாள் கழித்து, நவம்பர் 28 அன்று, கடலூர் மாவட்டச் சிறையிலிருந்து சென்னை ஆளுநர் பென்ட்லண்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு. எல்லாவித அரசியலையும் விட்டுவிட்டதாக உறுதி கூறுகிறார். அரசுக்கு விசுவாசமாகவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டும் நடப்பதாகச் சொல்கிறார். உடனே விடுவிக்கக் கேட்கிறார். ஆளுநர் நீடூழி வாழக் கடவுளை வேண்டுகிறார். கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்று கையெழுத்திடுகிறார். நிபந்தனைகளுக்கு உட்பட்டு டிசம்பர் 14 அன்று விடுதலை. தம்பியிடம் இங்கிலீஷில் எழுதாதே என்று சொல்லி நான்கு மாதம் ஆகவில்லை.

இந்த மனுவைப் பற்றி நம்மிடையே நடந்த சண்டைகள் வாசகர்களுக்குத் தெரியும். சரணாகதி என்று ஒரு கட்சி, தந்திரம் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. இருபத்தைந்து வயதில் பாரதியை மனுவுக்கு முன், மனுவுக்குப் பின் என்று இரண்டாக அறுத்து ஒரு கட்டுரையும் எழுதினேன். இப்போது அதை என் தமிழில் வகுப்பில் வாசித்து முடித்துவிட்டு, என்ன சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், அதுவரை அதிகம் பேசாதவன், சொன்னான்: "மன்னிப்புக் கடிதம் சார் இது. எங்கப்பாவும் எழுதிக் குடுத்திருக்காரு."

உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இரண்டு நாள் வேலையை நிறுத்தியவர்களைத் திரும்ப உள்ளே விடுவதற்கு ஆளுக்கொரு கடிதம் கேட்டிருக்கிறார்கள். "அவங்களே எழுதி வச்சிருந்தாங்க. இவரு பாத்து எழுதினாரு. கையெழுத்து மட்டும் அவருது." தவறான வழிகாட்டுதலால் அப்படி நடந்துகொண்டேன், இனி நிகழாது என்று உறுதி கூறுகிறேன் என்பது வாசகம். அப்பா அதை வீட்டில் சொன்னதில்லை. பிரதி ஒன்று ரேஷன் கார்டு உறைக்குள் இருந்ததை இவன் பார்த்திருக்கிறான்.

யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு செல்லம்மாவுக்கு விளிப்புப் போடாத பெண் கேட்டாள்: "அப்ப அது யாரு கூற்று சார்?"

இந்தக் கேள்விக்கு நேராக நான் என் பழைய கட்டுரையை வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

அன்று செய்தது இதுதான். மனுவின் தமிழ்ப் பிரதியில், யார் எழுதினாலும் இருக்கக்கூடிய வாக்கியங்களைப் பென்சிலால் அடித்துவிடச் சொன்னேன். கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்ற முடிப்பு அந்தக் கால ஆங்கில அரசாங்கக் கடிதங்களில் அதிகாரிகள் ஒருவருக்கொருவரே போட்டுக்கொண்ட சம்பிரதாயம். அது போயிற்று. நீடூழி வாழ்க என்பது போயிற்று. பெருந்தகையே என்ற விளிப்புகள் போயின. எங்கள் விடுப்பு விண்ணப்பத்தில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' வருகிற மாதிரி என்றார்கள் பிள்ளைகள். சரியாகச் சொன்னார்கள். அடித்த பிறகு மிஞ்சியது என்ன? அரசியலை விட்டேன் என்ற உறுதி. என்னை விடுங்கள் என்ற கோரிக்கை. இவ்விரண்டும் சம்பிரதாயம் இல்லை, அவரே சொன்னவை. "இது மட்டும் அவரு சொன்னது, மீதி ஃபாரம் பேசறது" என்றான் அந்தப் பையன். அப்பாவின் கடிதத்தை இதே மாதிரி அடித்தால் என்ன மிஞ்சும் என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்: "அதுல எதுவும் மிஞ்சாது சார். பேரும் டோக்கன் நம்பரும்தான்."

பாரதியை இப்படி விடுதலை செய்துவிட முடியாது என்று எனக்குத் தெரியும். மிஞ்சிய இரண்டு வாக்கியங்களின் எடை குறையவில்லை. ஆனால் அவற்றை மட்டும் எடைபோடக் கற்றுக்கொண்டோம். நானோ முழுக் காகிதத்தையும் தராசில் வைத்து ஆளைத் தீர்ப்புச் சொன்னவன்.

6

அடுத்த வாரம் சீட்டுக்கவி. விடுதலையாகிக் கடையத்தில் குடியிருந்த காலத்தில், 1919 மே மாதம் எட்டயபுரம் ஜமீன்தார் வேங்கடேசுர எட்டப்பருக்கு எழுதியது. மனு எழுதி ஆறு மாதம் முடியவில்லை. கையில் காசில்லாதவர் உதவி கேட்டு எழுதுவதுதான். ஆனால் தமிழுக்கு இருந்த வசை தன்னால் நீங்கியது என்கிறார். அயல்நாடுகள் தன் கவிதையைப் புகழ்வதாகச் சொல்கிறார். சால்வை, பொற்கிழி, பல்லக்கு, பரிவாரம் என்று தனக்கு வரவேண்டியதைப் பட்டியல் போடுகிறார். இதே அரண்மனைக்கு 1897 ஜனவரியில், பதினான்கு வயதில், படிப்புக்கு உதவி வேண்டி அவர் எழுதிய செய்யுள் விண்ணப்பமும் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே வாசல், இருபத்திரண்டு வருஷ இடைவெளி. சிறுவன் குனிந்து நிற்கிறான். பெரியவர் நிமிர்ந்து நிற்கிறார்.

இங்கேதான் வழக்கமான விமர்சனம் ஒரு முடிவுக்குத் தாவும்: சீட்டுக்கவியில் இருப்பது உண்மையான பாரதி, மனுவில் இருப்பது நிர்ப்பந்தத்துக்கு ஆளான பாரதி. பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். பென்சிலை எடுங்கள் என்றேன். சீட்டுக்கவி ஒரு பழைய வகை. புலவன் புரவலனுக்கு ஓலையில் எழுதி அனுப்புவது. செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரோடு சேர்த்துப் பேசப்படும் அந்தகக்கவி வீரராகவ முதலியார் அதில் பேர்போனவர். கண் தெரியாத புலவர், கையில் ஒன்றும் இல்லை, ஆனால் ஓலையில் அரசனுக்குச் சமமாக உட்கார்ந்து பேசுவார். புலவன் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்வது அந்த வகையின் விதி. ஆக மனுவில் பணிவு எப்படிச் சம்பிரதாயமோ அப்படியே சீட்டுக்கவியில் செருக்கும் சம்பிரதாயம். இங்கேயும் ஃபாரம் பேசுகிறது.

"அப்ப பாரதியோட குரல் எது சார்?"

நான் பத்து வாரம் நடத்திய வகுப்பின் சாரம் இந்தக் கேள்விக்கான பதில்தான். எல்லாப் பெறுநர்களையும் கழித்துவிட்டுப் பார்த்தால் உள்ளே தனியாக ஒரு குரல் உட்கார்ந்திருக்கும் என்பது நம் பாடநூல்களின் நம்பிக்கை. அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை. பாரதியிடம் இருந்தவை பல வடிவங்கள். அண்ணன் தம்பிக்கு எழுதும் காயிதம், பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும் கடிதம் ('ஹிந்து'வுக்கு அவர் எழுதியவை ஆ.இரா. வேங்கடாசலபதியின் தொகுப்பாகவே வந்திருக்கின்றன), ஆங்கில மனு, சீட்டுக்கவி, வசன கவிதை, கண்ணனை எந்த உறவிலும் நிறுத்திப் பேசும் பாட்டு. இவற்றில் சில அவரைக் குனியவைத்தன, சில நிமிரவைத்தன. மனுவுக்கு ஆறு மாதத்துக்குள் ஒரு பழைய தமிழ் வடிவத்தைத் தேடி எடுத்து அதற்குள் போய் நின்று நிமிர்ந்தார். குரல் என்று நாம் சொல்வது, எந்த வடிவத்தை எந்த வாசலில் எடுக்கிறான், எடுத்ததில் எந்த வாக்கியத்தைத் தானே சேர்க்கிறான் என்பதில் இருக்கிறது.

பாடநூலும் கடிதத்தை முற்றாக ஒதுக்கவில்லை. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் நூலில் நெல்லையப்பருக்கு 1915இல் பாரதி எழுதிய கடிதம் துணைப்பாடமாக இருக்கிறது. நல்ல கடிதம்தான்: தமிழ் வளர வேண்டும், ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வேண்டும், ஆணும் பெண்ணும் சமம் என்று இளையவனுக்கு மூத்தவர் சொல்வது. ஆனால் இருப்பவற்றில் மேடைக்கு மிக அருகில் நிற்பது அது. அதிலிருந்து மொழிப்பற்றையும் சமுதாயப் பற்றையும் எடுத்து விடைத்தாளில் எழுதிவிடலாம். கடலூர்ச் சிறையிலிருந்து எழுதியதை அப்படி எழுத முடியாது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் பிள்ளைக்குக் கேள்வி பிறக்கும்.

7

இந்தப் பக்கத்துத் தோழர் ஒருவர் கேட்டார்: போராட்டம் நடக்கிற பூமியில் கவிதை வகுப்பு எதற்கு, தொழிலாளர் சட்டம் சொல்லிக் கொடுக்கலாமே? சட்டமும் சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்றை அவருக்கு நினைவுபடுத்தினேன். சுங்குவார்சத்திரம் பக்கத்து சாம்சங் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி, வேலைநேரம் இவற்றோடு மையமாக இருந்தது சங்கத்தின் பதிவு. சங்கம் தன் பெயரில் கம்பெனியின் பெயரைச் சேர்த்துக்கொள்வதற்கு நிர்வாகம் ஆட்சேபித்தது. நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. 'அனுப்புநர்' என்ற இடத்தில் என்ன பெயர் போடுவது என்பதற்காக எத்தனை மாதம்! கூற்று யாருடையது என்பது இலக்கணக் கேள்வி மட்டும் என்று இனி யார் சொல்வார்?

இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பன்னிரண்டு ஆண்டுகளில் உருப்படியாகக் கற்றுத்தரும் எழுத்து வடிவம் ஒன்றே ஒன்று: விண்ணப்பம். வெளியே வந்ததும் கம்பெனி கேட்பதும் அதையேதான். வேறு வடிவங்கள் இருக்கின்றன, நம் ஆட்களே அவற்றைக் கையாண்டிருக்கிறார்கள் என்று காட்டுவது தமிழாசிரியரின் வேலை. கவிதை நயத்தைவிட அவசரமான வேலை.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு மூன்று குறிப்புகள். ஒரே காலத்தில் வேறு வேறு பெறுநர்களுக்குப் போனவற்றை எடுங்கள். 1918 ஆகஸ்டிலிருந்து 1919 மே வரையுள்ள ஒன்பது மாதமே ஒரு பருவத்துக்குப் போதும். கவிதையையும் கடிதத்தையும் ஒரே பென்சிலால் அடியுங்கள். ஒன்றுக்கு மட்டும் சலுகை வேண்டாம். கடைசி இரண்டு வாரத்தைப் பிள்ளைகளின் சொந்தக் கடிதங்களுக்கு விடுங்கள்.

எங்கள் கடைசி வாரத்தில் சூப்பர்வைசர் குரலைக் கண்டுபிடித்த பெண் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். அம்மாவின் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் நடக்கிறது, ஆனால் கணக்கு எண் தரப்படவில்லை. காண்ட்ராக்டருக்கு எழுத வேண்டும். முதல் பிரதியில் 'பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்' மூன்று இடத்தில் இருந்தது. அவளே பென்சிலால் அடித்தாள். இரண்டாம் பிரதியில் 'ஐயா' இருந்தது. வேலைக்குச் சேர்ந்த தேதி, பிடித்தம் செய்த மாதங்கள், தொகை எல்லாம் வரிசையாக இருந்தன. 'கணக்கு எண்ணைத் தெரிவிக்கும்படி கேட்கிறேன்' என்று ஒரு வாக்கியம். வேண்டுகிறேன் என்பதிலிருந்து கேட்கிறேன் என்பதற்கு வர அவளுக்குப் பத்து வாரம் ஆகியிருக்கிறது. எனக்கு அதைவிடக் கூட ஆயிற்று. அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வெறப்பா இருக்கே" என்று தயங்கி, பிறகு கையெழுத்துப் போட்டாராம்.

பதில் இன்னும் வரவில்லை. எட்டயபுரத்திலிருந்தும் வரவில்லைதான். சீட்டுக்கவி மட்டும் நம் கையில் இருக்கிறது.